நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது

எங்க கருவேலம்பட்டி ஆட்களை யாராவது முட்டாள்னு சொன்னா எனக்குப் பொத்துக்கிட்டு வரும். முட்டாளா இருக்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். எங்க ஆட்கள் அப்படி இல்லை. ஒரு காரியத்தைக் கெடுக்கணும்னா முதல்ல வட்டமா உட்காருவாங்க. எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்பாங்க. நாலு பக்கமும் யோசிச்சு, ஒருத்தர் பாக்கியில்லாம ஒத்துக்கிட்ட பிறகுதான் கெடுப்பாங்க. அந்தப் பொறுமை உங்களுக்கும் எனக்கும் வராது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேட்பீங்க. அவங்களைப் பவளக்கரைக்கு வேன்ல கூட்டிட்டுப் போனது நான்தான்.

பூசைத்துரை அண்ணன் எங்க ஊர்ல வாடகைப் பாத்திரக் கடை வச்சிருக்கார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுவானாலும் அண்டாவும் கரண்டியும் ஜமுக்காளமும் அவர் கடையிலிருந்துதான் போகணும். முப்பது வருஷத் தொழில்ல அவர் கத்துக்கிட்டது ஒரே ஒரு பாடம். வாடகைக்குப் போன சாமான் எப்படிப் போச்சோ அப்படியே திரும்பி வரணும். ஒரு ஒடுக்கு கூடினாலும் விடமாட்டார், ஒரு ஒடுக்கு குறைஞ்சாலும் விடமாட்டார். குறைஞ்சிருந்தா அது நம்ம பாத்திரம் இல்லைன்னு அர்த்தம்.

ஒடுக்கை எல்லாம் ஞாபகம் வச்சுக்கிறது அவரோட மச்சினன் வீரணன் வேலை. எந்தக் குத்துவிளக்குக்கு எந்தப் பக்கம் சாய்வுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வார். அண்ணன் சம்சாரம் தனபாக்கியம் மதினி, திரும்பி வந்த அண்டாவை மோந்து பார்த்தே அதுல சாம்பார் வச்சாங்களா ரசம் வச்சாங்களான்னு சொல்லிடுவாங்க. நாலாவது ஆள் அண்ணனோட தம்பி அழகுமலை. வயசு முப்பத்தெட்டு. ஊர்ல நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் அண்டா தூக்கினவர், இன்னும் கல்யாணம் ஆகலை.

ஆளைக் குறை சொல்ல முடியாது. பதினோரு பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பார்க்க வந்தாங்க. வீடு முழுக்கப் பாத்திரம் அடுக்கியிருந்ததால பதினோரு பேரும் உள்ளே நுழைய வழியில்லாம வாசலோட திரும்பிப் போயிட்டாங்க. பதினோராவது தடவை அழகுமலை, "அண்ணே, அடுத்ததும் இல்லைன்னா நான் பழனிக்குப் போய் மொட்டை போட்டுட்டு அங்கேயே இருந்துடுறேன்"னு சொன்னார். அண்ணன் அன்னைக்குச் சாப்பிடலை. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தோள்ல போட்டு வளர்த்தவர் அவர்.

பன்னிரண்டாவது இடத்தைத் தரகர் செவத்தையா கொண்டு வந்தார். பொண்ணு பேர் சுடர்க்கொடி. பவளக்கரையில மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கு. பவளக்கரைன்னா தெரியுமில்லையா, பணக்காரங்க கடலைப் பார்த்துக்கிட்டே ஓய்வெடுக்கிற ஊர். அங்க பெரிய தட்டுல சின்னதா ஒரு பலகாரம் வைப்பாங்க. வாங்கினவங்க அதைத் திங்காம போட்டோ எடுப்பாங்க.

"உங்க வீட்டைக் காட்டினா இந்த ஜென்மத்துல கல்யாணம் ஆகாது" என்றார் தரகர். "பவளக்கரையிலேயே கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஃப்ளாட்டை மூணு நாளைக்கு வாடகைக்கு எடுங்க. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்களை அங்க வரச் சொல்றேன். பாத்திரக் கடைன்னு மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்லிடாதீங்க. இது ஒண்ணுதான் நான் கேட்கிறது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நாலாவது மாடி. ரோஸ்லின்னு ஒரு அம்மா சாவியோட நின்னாங்க. ஐந்தாறு ஃப்ளாட்டைப் பார்த்துக்கிறவங்க போல, காதுல போன், கையில இன்னொரு போன்.

"சொந்த வீடு மாதிரி இருங்க. எதுவா இருந்தாலும் ஒரு போன் போடுங்க. ரூல்ஸ் எல்லாம் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு. போகும்போது, வந்தப்ப வீடு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். அவ்வளவுதான்" என்று சொல்லிட்டு அந்த அம்மா லிஃப்ட்டுல இறங்கிட்டாங்க.

பூசைத்துரை அண்ணனுக்குக் கண் கலங்கிடுச்சு. "மாப்ள, கேட்டியா? முப்பது வருஷமா நான் ஊருக்குச் சொன்ன வார்த்தை. இன்னைக்கு என்னைப் பார்த்து ஒரு அம்மா சொல்லுது. இதுல நாம தோத்துட்டோம்னா கடையை இழுத்து மூடிட வேண்டியதுதான்."

வீரணன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வீட்டைச் சுத்த ஆரம்பிச்சார். மதினி ஃப்ரிட்ஜ் மேல இருந்ததை எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க. மூணாவது ரூல்ஸ்: இந்த வீட்டில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. படிச்சு முடிச்சதும் நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. நான் கீழே இறங்கி வந்து மூணு நாளும் வேன்லதான் இருந்தேன்.

அதுக்காக என்னைப் பட்டினி போட்டுடலை. மதினி பால்கனியிலிருந்து கயிறு கட்டித் தூக்குச்சட்டியில சோறு இறக்குவாங்க. ரெண்டு வெள்ளைக்காரங்க அதைப் போட்டோ எடுத்தாங்க. மறுநாள் பார்த்தா, எதிர்த்த காபிக் கடையில மாடியிலிருந்து கயித்துல கட்டிக் காபி இறக்கிக்கிட்டு இருந்தாங்க. அதை வாங்க வரிசை வேற. மேலே நடந்ததை எல்லாம் சோத்துக்கு முன்னாடி வீரணன் பால்கனியில நின்னு எனக்கு ஒப்பிப்பார், அதனால இதுல ஒண்ணும் என் கற்பனை இல்லை.

முதல் விசாரணை கட்டிலைப் பத்தி. கட்டில் மேல வெள்ளைத் துண்டை மடிச்சு ரெண்டு பறவை செஞ்சு, மூக்கோட மூக்கு முட்டுற மாதிரி வச்சிருந்தாங்க.

"மச்சான், கட்டில்ல வாத்து இருக்கு" என்றார் வீரணன்.

"வாத்து இல்லைடா, அன்னம். கழுத்தைப் பாரு."

"இதைப் பிரிச்சா திரும்பச் செய்ய நம்மளால முடியுமா?"

அண்ணன் அன்னத்தை நாலு பக்கமும் சுத்திப் பார்த்தார். "கழுத்து வரைக்கும் வந்துடும். மூக்கு வராது" என்றார்.

அதோட கட்டில் விஷயம் முடிஞ்சுது. நாலு பேரும் தரையில படுத்தாங்க. சோபா மேல பதினாலு குட்டித் தலையணை இருந்துச்சு, ஒவ்வொண்ணும் ஒரு மூலையில நிக்கிற மாதிரி. அதையும் யாரும் தொடலை. குளிக்கிற தொட்டியை மட்டும் வீரணன் விரலால தட்டிச் சத்தம் கேட்டுட்டு, "நூத்தம்பது பேருக்குச் சாம்பார் வைக்கலாம் மச்சான், ஆனா தூக்கறதுக்கு வளையம் வைக்க மறந்துட்டாங்க"ன்னு வருத்தப்பட்டார்.

எதுவா இருந்தாலும் போன் போடச் சொல்லியிருந்தாங்க இல்லையா, அதையும் விடலை. பால் பொங்கினதும் போட்டாங்க. மதினிக்குத் தும்மல் வந்ததும் போட்டாங்க. சனிக்கிழமை காலையில அண்ணன் போன் போட்டு, "அம்மா, சூரியன் வந்துருச்சு"ன்னு சொன்னார். ரோஸ்லின் அம்மா முதல் பத்துப் போனை எடுத்தாங்க. அப்புறம் அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வீரணன் ஒரு அதிர்ச்சியான செய்தி சொன்னார். ரெண்டு சாமான் குறையுது. ஒண்ணு, டிவிக்கு மேல சுவத்துல இருந்த பல்லி. இன்னொண்ணு, கடல்ல இருந்த சிவப்புப் படகு.

"படகு நம்ம சாமான்ல சேர்த்தியா?" என்று கேட்டார் அழகுமலை.

"பின்ன? சன்னலைத் திறந்ததும் கடல், கடல் மேல சிவப்புப் படகு. வந்தப்ப இப்படித்தானே இருந்துச்சு? திங்கக்கிழமை அந்த அம்மா வந்து சன்னலைத் திறந்து, படகு எங்கேன்னு கேட்டா உன் மூஞ்சியையா காட்டறது?"

மதினி சொன்னாங்க, "கடலாவது இருக்கே. அதுவரைக்கும் நல்லது."

பல்லியைப் பிடிக்க வீரணன் மாடிப்படிக்குப் போனார். ஒரு மணி நேரத்துல ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்து, அதுக்கு வால் குட்டைன்னு அவரே தள்ளுபடி பண்ணிட்டார். படகுக்கு அழகுமலை கடற்கரைக்குப் போனார். படகுக்காரர் பெரிய மனசு. விஷயத்தைக் கேட்டு ரொம்ப நேரம் அழகுமலை முகத்தையே பார்த்தவர், "நான் தினமும் பன்னிரண்டு மணிக்கு அந்த வழியாத்தான் தம்பி திரும்புவேன். திங்கக்கிழமையும் அப்படியே வர்றேன், நீங்க வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்லி அனுப்பினார்.

அழகுமலை சந்தோஷமாத்தான் திரும்பி வந்தார். கதவுகிட்ட மதினி மறிச்சுட்டாங்க. ஒன்பதாவது ரூல்ஸ்: கடற்கரை மணலை வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. அழகுமலை காலைப் பார்த்தா முட்டி வரைக்கும் மணல்.

"காலைக் கழட்டவா முடியும்?" என்றார் அழகுமலை.

"கொஞ்சம் பொறு. அவசரப்பட்டா காரியம் ஆகாது" என்று அண்ணன் கதவுகிட்டயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீரணனும் உட்கார்ந்தார். அரை மணி நேரப் பேச்சுக்கு அப்புறம் அண்ணன் தீர்ப்பு சொன்னார். "மணல் கால்லதான் இருக்கு. தம்பிக்குத் தடை இல்லை, காலுக்குத்தான் தடை. காலை வெளியே வச்சுட்டு மிச்சத்தை உள்ளே கொண்டு வா."

அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அழகுமலை வாசப்படியில தலை உள்ளே, கால் வெளியேன்னு படுத்திருந்தார். எதிர்த்த ஃப்ளாட்டுக்காரங்க தாண்டித் தாண்டிப் போனாங்க. ஒரு அம்மா காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போச்சு, ஏதோ வேண்டுதல்னு நினைச்சிருக்கும். காலைக் கழுவினா என்னன்னு நான் கீழேயிருந்து கத்தினேன். வீரணன் எட்டிப் பார்த்து, "அப்படி ஒரு வழி இருக்குன்னு ரூல்ஸ்ல போடலையே"ன்னு சொன்னார்.

அந்தப் படுக்கையிலதான் அழகுமலைக்கு அந்தச் சந்தேகம் வந்துச்சு. "அண்ணே, நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க?"

"அப்பா, அம்மா, தாய்மாமன், மாமன் சம்சாரம், பொண்ணு. அஞ்சு பேர்."

"நாம நாலு. மொத்தம் ஒன்பது ஆகுதே. வீட்டுல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதே."

ரோஸ்லின் அம்மாவைக் கேட்கலாம்னா போன் சுவிட்ச் ஆஃப். மதினி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, "பன்னிரண்டாவது இடமும் போச்சே"ன்னு கண்ணீர் விட்டாங்க.

"அழாத. நாலு பேர்னுதான் போட்டிருக்கு, எந்த நாலு பேர்னு போடலை" என்றார் அண்ணன். "அவங்கள்ல ஒருத்தர் உள்ளே வந்தா நம்மள்ல ஒருத்தர் வெளியே போயிடணும். எந்த நேரத்துல வந்து எண்ணினாலும் நாலுதான் இருக்கும்."

"நானாவது உள்ளே இருக்கலாமா அண்ணே? என்னைப் பார்க்கத்தானே வர்றாங்க."

"நீ உள்ளே இருந்தா அவங்கள்ல இன்னொருத்தரை வெளியே நிறுத்தணும். சம்பந்தம் பேச வந்தவங்களை வாசல்ல நிறுத்தறது மரியாதையா தம்பி?"

அழகுமலை யோசிச்சுப் பார்த்து, மரியாதை இல்லைன்னு ஒத்துக்கிட்டார்.

ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அவங்க கார் வந்துச்சு. பொண்ணோட அப்பா தணிகாசலம் நல்ல மனுஷர், பார்த்தாலே தெரியும். அம்மா ருக்மணி பட்டுப்புடவையில வந்தாங்க. தாய்மாமன் மாசிலாமணி காரைவிட்டு இறங்கும்போதே கார் கதவு சரியில்லைன்னார். லிஃப்ட் வேகம் பத்தலைன்னார். அவர் சம்சாரம் ஒரு வார்த்தை பேசலை, இருபது வருஷமா பேச இடம் கிடைக்காத முகம் அது. கடைசியா சுடர்க்கொடி இறங்குச்சு. கண்ணாடி போட்ட பொண்ணு, எதையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்க்கிற கண்ணு.

மேலே என்ன நடந்துச்சுன்னா, தணிகாசலம் உள்ளே காலை வச்சார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க, வாங்க"ன்னு சொல்லிக்கிட்டே அவரைத் தாண்டி வெளியே போயிட்டார். ருக்மணி அம்மா உள்ளே வந்தாங்க. மதினி காபித் தட்டை அவங்க கையில கொடுத்துட்டு வெளியே போனாங்க. மாசிலாமணி வந்ததும் வீரணன் போனார். மாமன் சம்சாரம் வந்ததும் மாப்பிள்ளை போனார். கடைசியா சுடர்க்கொடி வாசப்படியில கால் வைக்கப் போச்சு.

"அம்மாடி, நீ கொஞ்சம் வெளியிலேயே நில்லும்மா, நாலு பேர் ஆயிடுச்சு" என்று சொல்லி அண்ணன் கதவைச் சாத்தினார்.

அதோட நின்னாரா? "நம்மளைப் பார்க்க வந்தவங்க நம்மளைப் பார்க்காம போயிடக் கூடாது. பால்கனிக்கு நேரா கீழே போய் நிப்போம் வாங்க"ன்னு எல்லாரையும் கூட்டிட்டுக் கடற்கரைக்கு வந்துட்டார். ஆளில்லாத வராண்டாவுல தனியா நின்னு என்ன செய்யறதுன்னு சுடர்க்கொடியும் பின்னாடியே இறங்கி வந்துருச்சு. என் வேன் பக்கத்துல, மணல்ல, நாலு பேரும் கைகட்டி வரிசையா நின்னாங்க. அந்தப் பொண்ணு ஒதுங்கி நின்னு வேடிக்கை பார்த்துச்சு.

கொஞ்ச நேரத்துல மாசிலாமணி பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். "யோவ், காபியைக் கொடுத்துட்டு எல்லாரும் எங்கேய்யா போனீங்க? அங்க ஏன் நிக்கிறீங்க?"

"நீங்க நிம்மதியா பாருங்க. அவசரமே இல்லை" என்று அண்ணன் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, மெதுவா ஒரு சுத்து சுத்து. அவருக்கு முதுகுப் பக்கம் தெரியலை பாரு."

அழகுமலை கையைக் கட்டினபடியே மெதுவா ஒரு சுத்து சுத்தினார். மணல்ல படுத்திருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் எழுந்து கை தட்டினார்.

"மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்? அதை முதல்ல சொல்லுங்க."

"அதைச் சொல்லக் கூடாதுன்னு தரகர் சொல்லியிருக்கார்."

மாசிலாமணி உள்ளே திரும்பிப் பார்த்து உரக்கச் சொன்னது எங்களுக்கே கேட்டுச்சு. "மாமா, இது திருட்டுக் கும்பல். சோபாவுல உட்காரக் கூட இடம் விடாம தலையணை அடுக்கி வச்சிருக்கான். கட்டில்ல பார்த்தா துண்டு கட்டின பொம்மை. கேட்டா வேலையைச் சொல்ல மாட்டேங்கிறான். வாங்க போகலாம், இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அழகுமலை முகம் செத்துப் போச்சு. பன்னிரண்டு தடவையில இந்தத் தடவைதான் அவர் பொண்ணு முகத்தை நேர்ல பார்த்திருக்கார். அவர் பழனி பஸ் எந்த நேரத்துலன்னு என்கிட்ட மெதுவாக் கேட்டார். அண்ணன் வேன்ல சாய்ஞ்சு நின்னு தோள்துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

அப்பத்தான் அந்தப் பொண்ணு கிட்ட வந்துச்சு. "என்கிட்டயாவது சொல்லக் கூடாதா? என்ன வேலை பார்க்கிறீங்க?"

"மன்னிச்சுக்கோங்க. வாயைத் திறந்து சொல்லிடாதீங்கன்னு சொன்னார்."

"பொய்யா ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கலாமே."

"அப்படிச் சொல்லச் சொல்லி அவர் சொல்லலைங்க."

சுடர்க்கொடி திரும்பி வேனைப் பார்த்துச்சு. வேன் பக்கவாட்டுல, ஒரு முழ எழுத்துல, மஞ்சள் பெயிண்ட்டுல, பூசைத்துரை வாடகைப் பாத்திரக் கடை, கருவேலம்பட்டின்னு எழுதியிருக்கு. மூணு நாளா அது அங்கதான் நிக்குது.

"இதுல எழுதியிருக்கே."

"அதை நான் சொல்லலைங்க" என்றார் அழகுமலை பதறிப்போய்.

"சொல்லத்தான் கூடாதுன்னாரு, எழுதக் கூடாதுன்னு சொல்லலை"ன்னு வீரணன் சாட்சி சொன்னார்.

அந்தப் பொண்ணு சிரிக்க ஆரம்பிச்சுது. கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சுது. "எனக்கு இதுக்கு முன்னாடி வந்த ஆறு மாப்பிள்ளைங்களும் உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷத்துல ஆளுக்கு மூணு பொய் சொன்னாங்க. ஒரு பொய் சொல்ல வராம நாலு மாடி இறங்கி வந்து வெயில்ல நிக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றது. அப்புறம் அண்ணாந்து பார்த்து, "அப்பா, எனக்குச் சம்மதம். கீழே வாங்க"ன்னு கூப்பிட்டுச்சு.

எல்லாரும் இறங்கி வந்தாங்க. தணிகாசலத்துக்கு ஒரே பொண்ணு, அதோட விருப்பம்தான் அவருக்குப் பெரிசு. ஆனா ஒரு நிபந்தனை வச்சார். "கடை இங்க இருக்கு. பொண்ணை வெளியூர் அனுப்ப முடியாது. கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை எங்க வீட்டோட இருக்கணும். இதுக்கு நீங்க சரின்னா எனக்கும் சரி."

பூசைத்துரை அண்ணன் தம்பியைப் பார்த்தார். தோள்ல போட்டு வளர்த்த தம்பி. அழகுமலை பொண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அண்ணன் பெருமூச்சு விட்டு, கடையில வாடிக்கையாளர்கிட்டப் பேசுற குரல்ல கேட்டார்.

"எத்தனை நாளைக்கு வேணும்?"

"என்னங்க இது? ஆயுசுக்கும்தான்."

"தேதி இல்லாம நாங்க எதையும் வெளியே விட்டதில்லைங்க. எப்பத் திருப்பித் தருவீங்க?"

"திருப்பித் தர மாட்டோம்" என்றார் தணிகாசலம், கொஞ்சம் கடுப்பாகவே.

அண்ணன் அப்படியே அவர் கையைப் பிடிச்சுக்கிட்டார். "முப்பது வருஷமா பார்க்கிறேன். திருப்பித் தர்றேன் தர்றேன்னு சொல்லித்தான் எல்லாரும் தராம போயிருக்காங்க. தர மாட்டேன்னு எடுக்கும்போதே சொன்ன நாணயஸ்தர் நீங்க ஒருத்தர்தான். உங்களை நம்பித் தர்றேன், எடுத்துட்டுப் போங்க."

உடனே வீரணன் முன்னாடி வந்து அழகுமலையைச் சுத்தி வந்தார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. இடது முழங்கால்ல தழும்பு, சைக்கிள்லருந்து விழுந்தது. கீழ்ப்பல்லு ஒண்ணு சாய்வு. வலது தோள்பட்டை அண்டா தூக்கிக் கொஞ்சம் இறக்கம். இதெல்லாம் ஏற்கெனவே உள்ளது. இனி வர்றதுக்கு நாங்க பொறுப்பில்லை."

"இடது காது வலது காதைவிட அரை விரற்கடை கீழே இருக்கு. அதை விட்டுட்டீங்க" என்றது சுடர்க்கொடி. கண்ணாடிக் கடைக்காரி இல்லையா.

வீரணன் எட்டிப் பார்த்து, வெட்கப்பட்டு, அதையும் சேர்த்துக்கிட்டார். அழகுமலை ரெண்டு காதும் சிவந்து போய் நின்னார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார் அண்ணன். "எங்க கடையில ஈடு வைக்காம ஒரு கரண்டி கூட வெளியே போகாது. சைக்கிள், தையல் மெஷின், ரேடியோ, ஏதாவது ஒண்ணு வச்சுட்டுத்தான் எடுத்துட்டுப் போவாங்க. நீங்க என்ன வைக்கிறீங்க?"

தணிகாசலம் சுத்திப் பார்த்தார். கடல்தான் இருந்துச்சு. பக்கத்துல மாசிலாமணி, மணல் சுடுதுன்னும், காபியில சர்க்கரை கம்மின்னும், வேன் எழுத்துல அழகே இல்லைன்னும் விடாம சொல்லிக்கிட்டு இருந்தார்.

அதுவரைக்கும் வாயே திறக்காத மாமன் சம்சாரம் தெளிவாச் சொன்னாங்க. "இவரை வச்சுக்கோங்க."

யாரும் மறுத்துப் பேசலை. திங்கக்கிழமை வீட்டை ஒப்படைச்சுட்டு மாசிலாமணியை வேன்ல ஏத்திக்கிட்டு ஊருக்கு வந்தோம். வழி நெடுக நான் ஓட்டுறது சரியில்லைன்னார்.

கல்யாணம் நல்லபடியா நடந்து மூணு வருஷம் ஆச்சு. அழகுமலை பவளக்கரையில சந்தோஷமா இருக்கார். மாசிலாமணி எங்க ஊர்ப் பாத்திரக் கடையில, குத்துவிளக்கு அலமாரிக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து, வர்ற போறவங்களை எல்லாம் குறை சொல்லிக்கிட்டு இருக்கார். அவரைத் திருப்பிக் கேட்டு யாரும் வரலை. மதினி வேளாவேளைக்குச் சோறு போடுறாங்க.

போன மாசம் மேலத் தெருவுல ஒரு காதுகுத்து. பிள்ளையை மடியில வைக்கத் தாய்மாமன் இல்லைன்னு, அண்டாவோட சேர்த்து அவரையும் ஒரு நாளைக்குக் கேட்டாங்க. அண்ணன் யோசிச்சு, சும்மா இருக்கிற சாமான்தானேன்னு கொடுத்துட்டார். அந்தக் குழந்தை அழாம அவர் மீசையைப் பிடிச்சு விளையாடிக்கிட்டே இருந்துச்சாம்.

சாயங்காலம் கொண்டாந்து விட்டாங்க. வீரணன் அவரைச் சுத்திச் சுத்தி வந்து பார்த்தார். கிட்டப் போய் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"மச்சான், இது நம்ம ஆள் இல்லை. நம்ம ஆள் போகும்போது சிடுசிடுன்னு போனார். இவர் சிரிச்சுக்கிட்டு வந்திருக்கார். காதுகுத்து வீட்டுல யாருதோடயோ மாத்திக் கொடுத்துட்டாங்க."

அண்ணனும் வந்து பார்த்துட்டு, ஆமாம்னுட்டார். அவரை அப்படியே திருப்பி அனுப்பி, எங்க ஆளைக் கொடுங்கன்னு கேட்டிருக்கோம். இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க.